இடுப்பிலிருந்து தோளுக்கு

மெத்தைக் கடைக்காரரின் மனைவி தரையில் படுக்கிறாள் என்று வெளியே தெரிந்தால் கடை என்ன ஆவது?

கொஞ்ச நாளாக மெத்தைக்காரருக்கு இதுதான் மண்டைக் குடைச்சல். வகை வகையாக வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டார். ஸ்பிரிங் வைத்தது, ரப்பர் நுரை, கடைசியாக, படுப்பவர் உடம்பின் வடிவத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம், அப்படி ஒன்று. மனைவி ஒவ்வொன்றையும் கையால் தட்டிப் பார்ப்பாள். "நல்லாத்தாங்க இருக்கு" என்பாள். அவர் குறட்டை ஆரம்பித்ததும் தலையணையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவாள்.

"புழுக்கமா இருந்துச்சு, அதான்" என்பாள் காலையில். மழை கொட்டிய ராத்திரிக்கு மறுநாளும் அதையேதான் சொன்னாள்.

வீட்டிலும் தெருவிலும் அவளுக்குப் பெயர் சார்ஜன்ட். போலீஸ் வேலையில் அந்தப் பதவிக்கு வந்து வெகு காலம் ஆகிவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே இரண்டாவது தடவைதான் திரும்புவாள்.

புழுக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. முதுகெலும்பின் அடிப்பக்கத்தில் ஒரு வட்டு தன் இடத்தைவிட்டுப் பிதுங்கி, பக்கத்து நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. யாருக்கும் தெரியாமல் அடுத்த ஊர் டாக்டரிடம் போய்க் காட்டியிருந்தாள். காரணம் இடுப்பு பெல்ட்தான் என்றார் அவர். வயர்லெஸ், கைவிலங்கு, தடி, டார்ச், துப்பாக்கி எல்லாம் சேர்ந்து ஒரு கைக்குழந்தை எடை. கைக்குழந்தையையாவது இடுப்பு மாற்றி வைத்துக்கொள்ளலாம். எடையைத் தோளுக்கு மாற்றினால் கொஞ்ச காலம் தாங்கும் என்றார். எவ்வளவு காலம் என்று அவள் கேட்கவில்லை.

பெல்ட் கட்ட முடியாத போலீசுக்கு ஸ்டேஷனில் ஒரே இடம்தான். ஜன்னலோர நாற்காலி. காணாமல் போன குடை, காணாமல் போன சைக்கிள், பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து தெருவை ஜன்னல் வழியாகப் பார்ப்பதற்கு அவள் இன்னும் தயாராகவில்லை.

அதனால்தான் போன வாரம், புதுவிதமான வெஸ்ட் ஒன்றைச் சோதனையாகப் போட்டுப் பார்க்க ஆள் வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது, அவர் வாயை மூடுவதற்குள் அவள் "நான்" என்றாள். சட்டைக்கு மேல் மாட்டும் தடித்த கறுப்புக் கவசம். முன்னும் பின்னும் பைகள். பெல்ட்டில் தொங்கியதெல்லாம் அதில் ஏறிவிடும். எடை தோளுக்குப் போய்விடும்.

அதனால்தான், அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அந்தச் சண்டையும் வந்தது.

சண்டை போட்டது நாத்தனார். மெத்தைக்காரரின் தங்கை, மாடியில் குடியிருக்கிறாள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "பிரேக்! பிரேக்!" என்று கத்திக் கத்தி வளர்ந்த குரல். வீட்டில் அவளுக்குப் பெயர் மைக். அந்தக் குரலுக்காகவே வார்டு மக்கள் அவளைக் கவுன்சிலராகவும் ஆக்கிவிட்டார்கள்.

"பட்டாளத்துக்காரன் மாதிரி போலீஸ் வேண்டாம். கூட்டத்துல எதிர்த்துத்தான் பேசுவேன் அண்ணி, இப்பவே சொல்லிட்டேன்" என்று தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மாடி ஏறினாள். வார்டு கூட்டம் வேண்டாம் என்று முடிவு செய்தால் சோதனையை நிறுத்திவிடுவதாக இன்ஸ்பெக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். நிறுத்திவிட்டால் மறுபடி பெல்ட். பெல்ட் என்றால் நாற்காலி.

அந்தக் கூட்டம் இன்றைக்குச் சாயங்காலம். வெஸ்ட்டோடு அவள் தெருவில் இறங்கப்போகும் முதல் நாளும் இன்றைக்குத்தான்.

காலையில் கண்ணாடி முன்னால் நின்றாள். மெத்தைக்காரர் பக்கவாட்டு வாரை இழுத்துக் கட்டினார். மெத்தையைச் சுருட்டிக் கட்டிப் பழகிய கை.

"இறுக்கமா இருக்கா?"

"போதும், போதும். என்னை எங்கயும் டெலிவரி பண்ணப் போறதில்ல."

நெஞ்சில் காமிரா. இடது தோளுக்குக் கீழே வயர்லெஸ். கைவிலங்கு, டார்ச், கையுறை, ரத்தப்போக்கை நிறுத்தும் பட்டை, ஒவ்வொன்றும் ஒரு பையில். பெல்ட்டில் துப்பாக்கி மட்டும்தான் மிச்சம். அது முன்பு இடுப்பின் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஜீப்பில் உட்கார்ந்தால் சரியாக வலிக்கிற இடத்தில் குத்தும். வயர்லெஸ் காலி செய்துவிட்டுப் போன முன்பக்க இடம் சும்மாதானே கிடக்கிறது? துப்பாக்கியை அங்கே நகர்த்தி மாட்டிக்கொண்டாள். சாமான்களை அவரவர் வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

நிமிர்ந்தாள். வலிக்கவில்லை. இன்னொரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். நிஜமாகவே வலிக்கவில்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். "அண்ணா, காபி மிச்சம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்த மைக், வாசற்படியிலேயே நின்றாள்.

"ஐயோ! யாரைப் பிடிக்கக் கிளம்பிட்டீங்க அண்ணி?"

"உன்னைத்தான். லைசென்ஸ் இல்லாதவங்களை எல்லாம் வண்டி ஓட்ட வைக்கறியாமே."

"லைசென்ஸ் இல்லாதவங்கதானே கத்துக்க வருவாங்க!"

மைக் பழைய கார் வாங்க வந்தவளைப் போல அண்ணியைச் சுற்றிவந்தாள். ஒரு பையைத் தட்டினாள். "இதுல என்ன?"

"ரத்தம் நிக்காம போனா இறுக்கிக் கட்டுற பட்டை."

"இதுல?"

"கையுறை. அதுல, மூச்சு நின்னவங்களுக்கு ஊதுறதுக்கு மாஸ்க்."

"எல்லாம் நல்ல சாமான்தான். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா எதிர்ல வர்றவனுக்கு அது கட்டுப் போடற துணின்னு எப்படித் தெரியும்? கறுப்பா ஒரு பை. உள்ள என்ன வச்சிருக்காங்களோன்னுதானே பயப்படுவான்?"

"என்னைத் தெரியாதவன் யாருடி இருக்கான் இந்தத் தெருவுல?"

"உங்களைத் தெரியும். இந்தச் சட்டையைத் தெரியாதே."

சார்ஜன்டுக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மெத்தைக்காரர் குறுக்கே காபியை நீட்டினார். "சாயங்காலம் வச்சுக்கோங்க. காலையிலேயே ஆரம்பிச்சா நான் எங்க போறது?"

"நீ யார் பக்கம் அண்ணா? அதைச் சொல்லு."

"நான் மெத்தைப் பக்கம். யார் விழுந்தாலும் அடிபடாது."

இருவரும் சிரித்துவிட்டார்கள். அந்த வீட்டில் சண்டை ஒருநாளும் முழுசாக நடந்ததில்லை. பாதியில் யாராவது கெடுத்துவிடுவார்கள்.

கடைத்தெருவில் நடந்தபோது சார்ஜன்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. முன்பெல்லாம் மருந்துக்கடைத் தூணில் ஒரு நிமிடம், தபால்பெட்டி மேல் கை ஊன்றி ஒரு நிமிடம், பூக்கடை வாசலில் பேச்சுக் கொடுக்கும் சாக்கில் இன்னும் கொஞ்சம் என்று முதுகை எங்காவது சாய்த்துச் சாய்த்துத்தான் சுற்றை முடிப்பாள். இன்றைக்கு எங்கேயும் நிற்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்த நடை.

கூட வந்த புதுக் கான்ஸ்டபிளும் வெஸ்ட் போட்டிருந்தான். கடைக் கண்ணாடி வரும்போதெல்லாம் ஓரக்கண்ணால் தன்னைப் பார்த்துக்கொண்டான்.

"எப்படிப்பா இருக்கு?"

"தைரியமா இருக்கு மேடம். பார்க்கவும் ஒரு... ஒரு இதுவா இருக்கு."

"என்ன இதுவா?"

"சினிமாவுல வர்ற மாதிரி." சொல்லிவிட்டு வெட்கப்பட்டான்.

சாவிக் கடைக்காரர் வழக்கமாக "என்ன சார்ஜன்ட், இன்னைக்கு யார் பூட்டை உடைச்சாங்க?" என்று கேட்பார். இன்றைக்கு எழுந்து நின்று "வணக்கம் மேடம்" என்றார். மருந்துக்கடைப் பெஞ்சில் உட்காரும் ஓய்வுபெற்ற வாத்தியார் பேப்பரைக் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். அவள் இரண்டையும் பார்த்தாள். ஆனால், வெகு காலத்துக்குப் பிறகு வலி இல்லாமல் நடப்பவளுக்கு மற்றவர் முகம் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும்.

மதியம் மெத்தைக் கடை வாசலில் ரகளை.

மெத்தை ஏற்றிவந்த லாரி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. பூக்கடை அம்மாவின் வாளிகளை லாரியின் பின்சக்கரம் தள்ளிவிட்டிருந்தது. தண்ணீரும் பூவுமாகத் தெரு நனைந்து கிடந்தது. லாரிக்காரர் ஒரு பக்கம் கத்த, பூக்கடை அம்மா மறுபக்கம் கத்த, இருவருக்கும் நடுவில் மெத்தைக்காரர் சுருட்டிய மெத்தை ஒன்றைக் குழந்தையைப் போலக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அம்மா, நான் எடுத்து வைக்கிறேன்மா... அண்ணே, நீங்க கொஞ்சம் சும்மா இருங்கண்ணே" என்று மாறி மாறிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். லாரிக்குப் பின்னால் டிரைவிங் ஸ்கூல் கார். உள்ளே வெளிறிப்போன மாணவி ஒருத்தி. ஜன்னல் வழியாக இடுப்புவரை வெளியே வந்திருந்த மைக், "ஹாரன்ல இருந்து கையை எடும்மா! பிரேக்ல காலை வை!" என்று தெருவுக்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

சார்ஜன்ட் வேகமாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மெத்தைக்காரருக்கு நேர் எதிரே போய் நின்றாள். "என்னங்க நடக்குது இங்க?" என்று அவள் கேட்ட அதே நொடியில் வயர்லெஸ் கரகரத்தது. ஸ்டேஷனிலிருந்து கூப்பிடுகிறார்கள்.

பதில் சொல்ல அவள் கை போனது.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வயர்லெஸ் கரகரத்தால் அந்தக் கை இடுப்பின் முன்பக்கத்துக்குத்தான் போகும். யோசித்துப் போவதில்லை. கண்ணில் தூசி விழுந்தால் இமை மூடுவதைப் போல, மூளைக்குச் சேதி போவதற்கு முன்பே போய்விடும். இன்றைக்கும் போனது. அங்கே வயர்லெஸ் இல்லை.

துப்பாக்கியின் பிடி இருந்தது.

விரல்கள் அதைச் சுற்றி மூடின. தெரு அப்படியே அடங்கியது. லாரிக்காரர் ஒரு அடி பின்வாங்கினார். மெத்தைக்காரரின் கையிலிருந்த மெத்தை நழுவி, சத்தமே இல்லாமல் விழுந்து, ஈரத்தெருவில் தானாக விரிந்தது.

அவருடைய இரண்டு கைகளும் காதளவுக்கு உயர்ந்திருந்தன.

அவ்வளவுதான். மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை. மறுகணம் சார்ஜன்ட் கையை உதறி எடுத்து, தோளில் வயர்லெஸைப் பிடித்து, "இங்க ஒண்ணும் இல்ல, லாரி நிக்குது, எடுக்கச் சொல்றேன்" என்று பேசிவிட்டாள். மெத்தைக்காரரும் உயர்த்திய கைகளை அப்படியே தலைக்குக் கொண்டுபோய் முடியைக் கோதிக்கொண்டார். லாரி நகர்ந்தது. வாளிகள் நிமிர்ந்தன. மாணவி அழுதுகொண்டே வண்டியை எடுத்து ஓரமாக நிறுத்தினாள்.

கடைக்குள் மெத்தை அடுக்குகளுக்கு நடுவில் வைத்துச் சார்ஜன்ட் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்குங்க கையைத் தூக்கினீங்க?"

"தலை அரிச்சுது."

"ரெண்டு கைக்குமா?"

அவர் ஈர மெத்தையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

"நான்னு தெரியலையா உங்களுக்கு?"

"தெரிஞ்சுதும்மா. தெரியறதுக்குள்ள கை போயிடுச்சு." கொஞ்சம் தயங்கினார். "உனக்கும் அப்படித்தானே போச்சு?"



வெளியே மைக் காரில் சாய்ந்து நின்றாள். அவள் குரல் இவ்வளவு தாழ்ந்து சார்ஜன்ட் கேட்டதில்லை.

"அண்ணி, நான் பார்த்தேன்."

"தெரியும்."

"சாயங்காலம் இதைச் சொல்லாம என்னால பேச முடியாது. எங்க அண்ணன்ங்கிறதுக்காக மூடி மறைச்சா நான் என்ன கவுன்சிலர்?"

"சொல்லு. அது உன் வேலை."

"ஏன் அண்ணி இப்படி இதைப் பிடிச்சுத் தொங்கறீங்க?" மைக்கின் கண் கலங்கியிருந்தது. கோபம் வந்தாலும் அவளுக்குக் கண்தான் முதலில் கலங்கும். "மினுக்கறது உங்களுக்குப் பிடிக்காது. கல்யாண போட்டோவுலகூட முறைச்சுக்கிட்டுத்தான் நிக்கறீங்க. உங்களுக்கு எதுக்கு இந்த வேஷம்? ஒரே ஒரு காரணம் சொல்லுங்க. நான் இன்னைக்கு வாயே திறக்கல."

காரணம் நாக்கு நுனிவரை வந்தது. மைக்கிடம் சொன்னால் கடைத்தெருவுக்கே சொன்ன மாதிரி. சாயங்காலத்துக்குள் இன்ஸ்பெக்டர் காதுக்குப் போய்விடும்.

"வசதியா இருக்கு. அவ்வளவுதான்" என்றாள்.

மைக் காரில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள்.

ஸ்டேஷனுக்குப் போனதும் சார்ஜன்ட் முதல் வேலையாகத் துப்பாக்கியைப் பழையபடி பின்பக்கமே மாற்றி மாட்டினாள். ஜீப்பில் உட்கார்ந்ததும் அது தன் பழைய இடத்தைக் கண்டுபிடித்துக் குத்தியது. குத்தட்டும் என்று விட்டாள்.

நூலக மாடியில் கூட்டம். வழக்கமாகப் பாதி நாற்காலி காலியாக இருக்கும். இன்றைக்குச் சுவரோரம்கூட ஆள் நின்றார்கள். மதியச் சேதி எல்லோருக்கும் போயிருந்தது. மெத்தைக்காரர் கதவுக்குப் பக்கத்தில், தேவைப்பட்டால் ஓடிவிடலாம் என்பதைப் போல நின்றிருந்தார்.

இன்ஸ்பெக்டர் சுற்றி வளைக்காமல் பேசினார். "முன்ன எங்க ஆளுங்க ஒரு தடியும் விசிலும் கொண்டு போனாங்க. இப்ப வயர்லெஸ், காமிரா, முதலுதவின்னு ஒண்ணு ஒண்ணா சேர்ந்துடுச்சு. இடுப்புல இடம் போதல. கத்திக்குத்துக்கும் இது காவல். இன்னொண்ணும் சொல்லிடறேன். புதுசா வேலைக்கு வர்ற பசங்க இதைத்தான் கேட்கறாங்க. பக்கத்து ஊர்ல கொடுக்கறாங்க. இங்க இல்லைன்னா அங்க போயிடறாங்க."

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுந்தார். "சார், நான் கோட்டு போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போன நாள்ல என் குரலே மாறிடும். பசங்க பயப்படறாங்கன்னு தெரிஞ்சதும் இன்னும் கொஞ்சம் மாறும். அன்னைக்கு யாரும் என்கிட்ட சந்தேகம் கேட்க வரமாட்டாங்க. உங்க ஆளுங்களுக்கு மட்டும் அப்படி ஆகாதா?"

இன்ஸ்பெக்டர் மேஜைவிரிப்பை நேராக்கினார்.

மைக் எழுந்தாள். "இன்னைக்கு மத்தியானம்..." என்று ஆரம்பித்தாள்.

"கவுன்சிலர், ஒரு நிமிஷம்." முன்வரிசையிலிருந்து சார்ஜன்ட் எழுந்துவிட்டாள். "அதை நானே சொல்லிடறேன். பண்ணினது நான்தானே."

எழுந்த வேகத்தில் முதுகில் மின்னல் வெட்டியது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் துப்பாக்கியை எடுக்கப் போகல. வயர்லெஸைத் தேடினேன். அது இருந்த இடத்துல நான்தான் துப்பாக்கியைக் கொண்டுவந்து வச்சேன். எனக்கு வசதின்னு வச்சேன். கை பழைய ஞாபகத்துல போயிடுச்சு. ஆனா எதிர்ல நிக்கறவருக்கு அதெல்லாம் தெரியுமா? கையைத் தூக்கிட்டார். அவர் என் வீட்டுக்காரர்."

எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியில் நின்றது.

"பழைய உடுப்புல வந்திருந்தா தூக்கியிருக்க மாட்டார்னு நினைக்கிறேன். நிச்சயமாச் சொல்லத் தெரியல." நிறுத்தினாள். இன்ஸ்பெக்டர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். இத்தோடு உட்கார்ந்துவிடலாம். யாரும் குறை சொல்லப்போவதில்லை. "இந்த வெஸ்ட் எதுக்குன்னு காலையிலிருந்து என் நாத்தனார் கேட்டுக்கிட்டே இருக்கா. இன்ஸ்பெக்டர் சொன்ன காரணமெல்லாம் சரிதான். என் காரணம் அது இல்ல. எனக்கு முதுகு போயிடுச்சு. பெல்ட்டைக் கட்டிக்கிட்டு என்னால இனிமே நடக்க முடியாது. எடை தோளுக்குப் போனா நடக்க முடியுது. இன்னைக்குக் காலையில கடைத்தெரு முழுக்க நடந்தேன். ஒரு இடத்துலயும் சாய்ஞ்சு நிக்கல. அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. அந்த சந்தோஷத்துல உங்க முகத்தையெல்லாம் நான் சரியாப் பார்க்கல."

உட்கார்ந்தாள். கதவுப் பக்கம் திரும்ப அவளுக்குத் துணிவில்லை.

மைக் நின்றபடியே இருந்தாள். எழுதிவைத்திருந்த பேச்செல்லாம் எங்கோ போய்விட்டது. "சரி. முடிவு எடுத்துடலாம்" என்றாள். நாலைந்து பேர் பழக்கத்தில் கையை உயர்த்தப் போனார்கள்.

"கையைத் தூக்காதீங்க!" கடைசி வரிசைவரை கேட்டது. பிறகு தணிந்து, "இன்னைக்கு யாரும் கையைத் தூக்க வேண்டாம். ஒவ்வொருத்தரா வாயால சொல்லுங்க" என்றாள்.

சொன்னார்கள். "சோதனை நடக்கட்டும். துப்பாக்கி மட்டும் பழைய இடத்துலயே இருக்கணும்" என்றார் பூக்கடை அம்மா. "நடக்கட்டும். ஆனா நெஞ்சுல பெரிய எழுத்துல பேர் எழுதணும். காலையில யாரோன்னு நினைச்சு வணக்கம் வேற வச்சுட்டேன்" என்றார் சாவிக் கடைக்காரர். "எனக்கு இன்னும் சம்மதம் இல்ல" என்றார் வாத்தியார், சார்ஜன்டைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற குரலில். வேண்டாம் என்றவர்களைவிட நடக்கட்டும் என்றவர்கள் கொஞ்சம் அதிகம்.

மைக் கடைசியாகச் சொன்னாள். "என்னோடது, வேண்டாம்."

சார்ஜன்ட் நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணியோட முதுகு எனக்கு வேணும். அந்தக் கறுப்பு எனக்கு வேண்டாம். தோள்ல தாங்கற மாதிரியே, பழைய சட்டை நிறத்துல, பார்த்தா போலீஸ்னு தெரியற மாதிரி ஒண்ணு தைக்க முடியாதா இன்ஸ்பெக்டர்? கேட்டுப் பாருங்க. அதுவரைக்கும் என் பதில் வேண்டாம்தான்."

அந்தச் சமயத்தில் சார்ஜன்டுக்கு நாத்தனாரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

கூட்டம் கலையும்போது இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்தார். "சோதனை நடக்கும். ஆனா நீங்க நாளைக்குத் தெருவுக்குப் போக வேண்டாம். முதல்ல டிபார்ட்மென்ட் டாக்டர். தெரியாத வரைக்கும் வேற. இப்ப நான் காதால கேட்டுட்டேன்."

"தெரியும் சார்."

"அவர் என்ன சொல்றாரோ அதுதான். என் கையில இல்ல." போகத் திரும்பியவர் நின்றார். "எனக்கு முழங்கால் போய் ரொம்ப நாளாச்சு. இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

வாசலில் மைக் பிடித்துக்கொண்டாள். "மாடியில ஒருத்தி குத்துக்கல் மாதிரி இருக்கேன். ஒரு குரல் கொடுத்திருந்தா இறங்கி வந்திருப்பேனே அண்ணி! ஊருக்கே சொல்லத் தெரியுது, எனக்குச் சொல்லத் தெரியலையா?"

"உனக்குச் சொன்னாலும் ஊருக்குச் சொன்னாலும் ஒண்ணுதானடி."

மைக் சிரிக்கக் கூடாது என்று முகத்தை இறுக்கிக்கொண்டாள். முடியவில்லை. "ஏறுங்க, கார்ல விடறேன்."

"வேண்டாம். உட்கார்ந்தா எழுந்திருக்கறது கஷ்டம். நடந்து வர்றோம்."

தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. மெத்தைக்காரர் வழக்கமாக இரண்டு எட்டு முன்னால் நடப்பவர். இன்றைக்கு அவள் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு கூடவே வந்தார். பேங்க் கட்டிடத்தைத் தாண்டினார்கள்.

"டாக்டர்கிட்ட நாளைக்குத்தான் முதல் தடவையா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் நம்பிவிடுவார்.

"இல்லைங்க. ஒருத்தர்கிட்ட ஏற்கெனவே போயாச்சு."

"தனியாவா?"

"தனியாத்தான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கோபப்படுவார் என்று காத்திருந்தாள். அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் கோத்துக்கொண்டார், அவ்வளவுதான். அவர் விரல்களில் இன்னும் ஈர மெத்தையின் வாசனை இருந்தது.

"நாளைக்கு அவர் நாற்காலின்னு சொல்லிட்டா?"

"தெரியலைங்க." கொஞ்ச தூரம் நடந்தாள். "எல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன். அதை மட்டும் யோசிக்கல. யோசிச்சா நடந்துடுமோன்னு பயம்."

"அப்ப இப்ப யோசிக்கலாம். ரெண்டு பேருமா."

வீட்டுக்குத் திரும்பும் சந்து வந்தது. மாடியில் மைக் விளக்கைப் போட்டிருந்தாள். மெத்தைக்காரர் சந்தில் திரும்பவில்லை. நேராக நடந்தார். அவளும் கூடவே நடந்தாள்.